தெருக்குழாயின் கடைசிப் பக்கத்து வரி

கட்டற்ற மென்பொருளுக்கென்று மதுரையிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகை வருகிறது என்றால் மதுரைக்காரர்களே நம்ப மாட்டார்கள். வருகிறது. பெயர் ‘தெருக்குழாய்’. அந்த வகை மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். யாரும் பூட்டுப் போட முடியாது. தெருக்குழாயும் அப்படித்தானே என்று ஆசிரியர் வைத்த பெயர். பெயரை மட்டும் பார்த்துவிட்டு, எங்கள் தெருவில் ஒரு வாரமாகத் தண்ணீர் வரவில்லை, மாநகராட்சிக்கு எடுத்துச் சொல்லவும் என்று கடிதம் போட்டவர்களும் உண்டு. ஆசிரியர் அதையும் வாசகர் பகுதியில் அச்சிட்டார். அந்தப் பகுதிக்கு ‘குழாயடி’ என்று பெயர். அங்கே நடந்த சண்டைகளிடம் நிஜக் குழாயடி தோற்றுப்போகும்.

பத்திரிகை என்றாலே எல்லோரும் ஆசிரியரைத்தான் விசாரிப்பார்கள். எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுகிறவர் யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் பந்தி வைத்த வீட்டைப் புகழ்ந்துவிட்டுக் கை கழுவப் போய்விடுகிற ஊர் இது. தெருக்குழாய்க்கு முதல் இதழிலிருந்து பக்கம் கட்டியவள் பாண்டீஸ்வரி. இது அவளைப் பற்றியது.

பாண்டீஸ்வரிக்குச் சொந்த ஊர் கீழக்குயில்குடி. அப்பாவுக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. மழை பெய்தால் நெல், இல்லாவிட்டால் கடலை. பிளஸ் டூ முடித்ததும் டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் பாஸ் பண்ணினாள். அந்தச் சான்றிதழோடு சிம்மக்கல்லில் ‘சோனை கிராபிக்ஸ்’ கடையில் போய் உட்கார்ந்தவள்தான், கல்யாணமான பிறகும் அங்கேதான். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மதுரைக்காரனுக்குப் பேர் வைத்ததிலிருந்து அவன் படம் சுவரில் ஒட்டப்படும் வரைக்கும் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். எழுத்து அழகாக நிற்க வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் முக்கியம். சாவு போஸ்டரில்கூட வரிக்கு வரி இடைவெளி சரியில்லையென்றால் விட மாட்டாள். செத்தவர் அவசரப்படவில்லை, நீங்க ஏன் அவசரப்படுறீங்க என்று உறவினர்களையே உட்கார வைத்திருக்கிறாள்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு நாள் கிருபாகரன் வந்தார். பசுமலையில் ஒரு மிஷன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் பள்ளிக் கணினி அறையைத் திறந்து வைத்து, கட்டற்ற மென்பொருள் பழக விரும்புகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர். அங்கே வருகிறவர்களுக்காக ஜெராக்ஸ் எடுத்த இரண்டு தாளாகத் தொடங்கிய தெருக்குழாயை இனி ஒழுங்கான பத்திரிகையாக அச்சடிக்க வேண்டும் என்று கிளம்பி வந்திருந்தார். கையில் ஒரு சிடி.

“பக்கம் கட்டுற மென்பொருள் இதுல இருக்கும்மா. இதுலதான் கட்டணும். காசு கொடுத்து வாங்குற மென்பொருளோ, அதோட திருட்டு நகலோ வேணாம். நம்ம பத்திரிகையே கட்டற்ற மென்பொருளைப் பத்தித்தான்.”

பாண்டீஸ்வரி சிடியைப் போட்டாள். மென்பொருள் நன்றாகத்தான் திறந்தது. தமிழில் அடித்ததும் எழுத்து உடைந்தது. கொம்பு ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது, புள்ளி எங்கேயோ தனியாக நின்றது. என்னென்னவோ செய்து பார்த்தாள். தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது; அதற்குள் இதழ் அச்சாக வேண்டும். சாருக்கு போன் செய்து சொல்லத்தான் நினைத்தாள். அவர் அன்றைக்கு முழுவதும் போனை எடுக்கவில்லை, பள்ளியில் பரீட்சை. அச்சகத்துக்காரர் வாசலில் நின்று கத்தினார். கடையில் எப்போதும் பயன்படுத்தும் பழைய மென்பொருளைத் திறந்தாள். அது யாரோ யாரிடமோ வாங்கிக் கொடுத்த நகல். சிம்மக்கல்லில் அதற்கு ரசீது வைத்திருந்த கடை எதுவும் கிடையாது. ஒரே மூச்சில் மொத்த இதழையும் கட்டி முடித்தாள்.

மறுநாள் கிருபாகரன் வந்து மாதிரித் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“கட்டற்ற மென்பொருள்ல தமிழ்ப் பத்திரிகை கொண்டாரவே முடியாதுன்னு சொன்னாங்கம்மா. என் கூடப் படிச்சவனே சிரிச்சான். எம்புட்டு அழகா வந்திருக்கு பாருங்க.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மனுஷர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அவள் சும்மா நின்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னொன்றும் செய்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ‘இவ்விதழ் முழுவதும் கட்டற்ற மென்பொருளால் உருவாக்கப்பட்டது.’ அதையும் அவளே அடித்தாள், திருட்டு மென்பொருளில்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். பாண்டீஸ்வரிக்கு ஒன்பது தேவைப்படவில்லை. அதே ஒரு பொய்யை ஒவ்வொரு இதழிலும் திரும்ப அச்சடித்தால் போதும் என்று இருந்தது. அடுத்த இதழுக்குள் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அடுத்த இதழுக்குச் சந்தா கூடியிருக்கும், யாராவது தூத்துக்குடியிலிருந்து பாராட்டி எழுதியிருப்பார்கள், சார் அதை அவளிடம்தான் முதலில் வாசித்துக் காட்டுவார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? இடையில் ஒன்றிரண்டு தடவை அந்தக் கட்டற்ற மென்பொருளின் புதுப் பதிப்பை இறக்கிப் பார்த்தாள். எழுத்து அப்போதும் உடைந்துதான் வந்தது.

இதில் கொடுமை என்னவென்றால் அவளுக்கு அந்தப் பத்திரிகையை நிஜமாகவே பிடித்துப்போயிற்று. வேலைக்காக அடித்துக்கொண்டிருந்த கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கினாள். வாசித்ததைச் செய்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பசுமலைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தவள், சில வருடங்களில் முன்னால் நின்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டுக் கணினியில் ஒரு திருட்டு நகல் கிடையாது. அவள் புருஷன் சோலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தான். அவன் கடைக் கணக்கைக்கூடக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிக் கொடுத்தாள். ஊருக்கெல்லாம் சுத்தம். தெருக்குழாயின் பக்கம் மட்டும் அழுக்கு. பத்திரிகையில் அவள் பேரைப் போட வேண்டும் என்று சார் பல தடவை கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றாள். பாருங்க எம்புட்டு பெரிய மனசு என்று அவர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தது அவளுக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

காகித விலை ஏறியது. இதழோடு சிடி ஒட்டிக் கொடுத்த காலம் போனது. கொரோனா வந்து அச்சகங்கள் மூடியபோது தெருக்குழாய் இணையத்தில் மட்டும் பிடிஎஃப் கோப்பாக வரத் தொடங்கியது. பத்திரிகையின் பதினைந்தாம் ஆண்டுக்குப் பழைய இதழ்கள் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று முடிவானது. கடைக் கணினியில் கிடந்த பழைய கோப்புகளைத் தேடி எடுத்து, எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தவள் பாண்டீஸ்வரியேதான். ஒவ்வொரு பிடிஎஃப் கோப்பும் தன்னை எந்த மென்பொருள் உருவாக்கியது என்ற விவரத்தை உள்ளேயே வைத்திருக்கும். அது அவளுக்குத் தெரியாது. சாருக்குத் தெரியும், ஆனால் நம்பிக்கை இருக்கிற இடத்தில் யார் போய்க் கோப்பின் விவரத்தைத் திறந்து பார்க்கிறார்கள்?

பவதாரிணி பார்த்தாள். அண்ணாநகர்ப் பெண், சென்னையில் மென்பொருள் வேலை, பள்ளிக்கூட நாளிலிருந்து தெருக்குழாய் வாசகி. குறும்புக்குப் பார்க்கவில்லை, பழைய இதழின் எழுத்துரு அழகாக இருக்கிறதே, என்ன எழுத்துரு என்று பார்க்கப் போனவள் மென்பொருளின் பெயரைப் பார்த்துவிட்டாள். இன்னொரு இதழைத் திறந்தாள். அதிலும் அதே பெயர். வாசகர் குழுவுக்கு மின்னஞ்சல் போட்டாள். ‘பதினைந்து வருடமாகத் தெருக்குழாயில் வந்தது கேன் தண்ணீரா?’

அவ்வளவுதான், குழாயடி பற்றிக்கொண்டது. ஊருக்கு உபதேசமா என்றார் ஒருவர். சந்தாவைத் திருப்பிக் கொடு என்றார் சந்தாவே கட்டாத இன்னொருவர். மத்தியானம் கிருபாகரனின் பதில் வந்தது. பாண்டீஸ்வரி அதைப் பெரியார் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு போனில் வாசித்தாள். ‘கோப்பை மாற்றும்போது நேர்ந்த பிழையாக இருக்கும். நம் இதழின் பக்கங்களைக் கட்டுபவரை எனக்கு முதல் இதழிலிருந்து தெரியும். என்னைச் சந்தேகப்படுங்கள், அவரைச் சந்தேகப்படாதீர்கள்.’

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குக்கூட, அந்தச் சோற்றை இன்னொருத்தர் நம்பிச் சாப்பிட உட்கார்ந்தால் இலையைப் பிடித்து இழுக்கத் தோன்றும். இனி அவர் பேரும் சேர்ந்து போகும். பத்திரிகையும் போகும். பசுமலையில் அவளுக்கென்று இருந்த இடமும் போகும். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாமல் தான் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் சோலையிடம் சொன்னாள். அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தான். பூக்கடைக்காரனுக்கு மத்தியானம்தான் விடியும்.

“இம்புட்டு வருஷமா எங்கிட்டகூடச் சொல்லலையே.”

“சொன்னா நீங்க சிரிப்பீங்க.”

“சிரிக்க இதுல என்னா இருக்கு. நேத்துப் பூவ இன்னைக்குப் பூன்னு வித்தா, மறுநாளு அந்த யாவாரி நம்ம கடைக்கு வர மாட்டான். ஆனா நாமளே போயிச் சொல்லிட்டா, திட்டிட்டு வருவான். போயிச் சொல்லிரு.”

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடியும் முன்பே கணினி அறை வாசலில் போய் நின்றாள். கிருபாகரன் சாவியோடு வந்தார். முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டுத் திறந்த கதவருகிலேயே நின்றார்.

“சார், அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்.”

“எப்பருந்தும்மா?”

“மொத இதழ்லருந்து.”

“எல்லாமேவா?”

“ஒண்ணு விடாம, சார்.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் தேவலை. சிடியைப் போட்டதும் எழுத்து உடைந்தது, அவர் போன் எடுக்காதது, அச்சகத்துக்காரர், அவர் கண்ணாடியைத் துடைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“நான் ஒரு மன்னிப்பு எழுதிர்றேன். கவனக்குறைவா நடந்துபோச்சுன்னு போட்டுருவோம்.”

“கவனமாத்தான் சார் செஞ்சேன்.”

வாத்தியார் இல்லையா, கோளாறு என்று கேட்டால் காரணத்தைத் தேடத் தொடங்கிவிடுவார். கணினியைப் போட்டார். இந்த மென்பொருள்களை உருவாக்குகிறவர்கள் இணையத்தில் ஒரு பொதுப் பலகை வைத்திருப்பார்கள். கோளாறு கண்டவர் யாரானாலும் அங்கே எழுத வேண்டும். யாராவது வந்து சரிசெய்வார்கள். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அந்த உலகத்தில் திருட்டு நகல் ஓட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், கண்ட கோளாற்றை மறைப்பதைப் பொறுக்க மாட்டார்கள். அவர் அந்தப் பலகையில் தமிழ் என்று தேடினார். ஒரே ஒரு புகார் இருந்தது. பல வருடத்துக்கு முந்தியது.

எழுதியவர் தவராசா, மட்டக்களப்பில் ஒரு நூலகத்தில் வேலை. பிள்ளைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் கட்டுகிறேன், தமிழ் எழுத்துகள் உடைகின்றன, உதவுங்கள் என்று படத்தோடு எழுதியிருந்தார். பாண்டீஸ்வரி பார்த்தவுடனே கண்டுகொண்டாள். அதே கொம்பு, அதே கால், அதே தனிப் புள்ளி.

கீழே மென்பொருள்காரர்களின் பதில் ஆங்கிலத்தில் இருந்தது. கிருபாகரன் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கி, பாதியில் குரலைத் தாழ்த்தினார். இந்தியாவில் மதுரையிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகை முழுக்க எங்கள் மென்பொருளிலேயே வருகிறது, அதன் ஆசிரியர் அச்சான பக்கங்களின் படங்களை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார், எழுத்துகள் மிகச் சரியாக இருக்கின்றன. ஆகவே கோளாறு உங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும். புகாரை மூடுகிறோம்.

“நாந்தாம்மா அனுப்புனேன்,” என்றார் கிருபாகரன். “சந்தோசத்துல அனுப்புனேன்.”

தவராசா அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

அறையில் மற்றவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். பாண்டீஸ்வரி அழுதாள். இத்தனை வருடமும் தன் பொய் தன் வீட்டுக் குப்பை, தன்னோடு கிடக்கட்டும் என்று நினைத்திருந்தாள். கடல் தாண்டி ஒருத்தர் வாசலில் அது போய்க் கிடந்திருக்கிறது. அதனால் ஒரு கதைப் புத்தகம் வராமலே போயிருக்கிறது. மன்னிப்புக் குறிப்பைப் பற்றிச் சார் மறுபடி ஏதோ சொல்ல வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

“அடுத்த இதழ அந்த மென்பொருள்லயே கட்டுறேன் சார். எப்படி வருதோ அப்படியே போடுவோம். அந்தப் பக்கத்தையே பலகைல ஏத்துவோம்.”

“உடைஞ்சு வருமேம்மா. சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். கீழ என் பேரப் போடுங்க.”

சாவு போஸ்டருக்கே இடைவெளி பார்த்தவள் அந்த இதழைக் கட்டி முடித்தது பெரிய காரியம். ஒவ்வொரு பக்கமும் கண்ணில் குத்தியது. தலைப்பிலேயே குழாய் உடைந்து கிடந்தது. சோலை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, பூவக் கட்டுன நாருகூட இதவிட நேரா இருக்கும்” என்றான். நடந்தது அத்தனையையும் முதல் பக்கத்தில் அவளே எழுதினாள், சாக்குச் சொல்லாமல். கடைசிப் பக்கத்தில் பழைய வரி இல்லை. ‘பக்க வடிவமைப்பு: பாண்டீஸ்வரி’ என்று இருந்தது, அதிலும் கொம்பு இடம் மாறி.

சிலர் சிரித்தார்கள். சிலர் விலகினார்கள். சோனை கிராபிக்ஸ் முதலாளி, கடை மானத்தை வாங்கிட்டியே என்று முறைத்தார். பவதாரிணி மட்டும் போன் செய்தாள்.

“அக்கா, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. முதல்ல உங்ககிட்டக் கேட்டிருக்கணும்.”

“நீ கேட்டிருந்தா நான் இன்னொரு பொய் சொல்லியிருப்பேம்மா. விடு. எனக்கு இங்கிலீஷ்ல ஒரு புகார் எழுதிக் கொடு.”

இருவரும் சேர்ந்து எழுதினார்கள். மூடிய புகாரைத் திறக்கும்படி கேட்டு, பத்திரிகை சொன்னது பொய், மட்டக்களப்புக்காரர் சொன்னதே உண்மை, இதோ உடைந்த பக்கங்கள் என்று பாண்டீஸ்வரியின் பேரில் போட்டார்கள். மென்பொருள்காரர்கள் புகாரைத் திறந்தார்கள். யாரோ முகம் தெரியாத ஒருத்தர், தமிழ் ஓரெழுத்தும் தெரியாதவர், எந்த எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அவள் படம் வரைந்து அனுப்பினாள். பவதாரிணி நிரல் எழுத உதவினாள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே திணறிக்கொண்டிருந்த வாரத்தில், சோதனைப் பதிப்பு ஒன்று வந்தது. அவள் திறந்து அடித்தாள். கொம்பும் காலும் புள்ளியும் அதனதன் இடத்தில் நின்றன.

பழைய புகாரில் புதிதாக யாராவது எழுதினால், அதை முதலில் போட்டவருக்கும் தானாகவே மின்னஞ்சல் போகும். கேள்விகளும் பதில்களுமாக அத்தனை மாதமும் எல்லாம் மட்டக்களப்புக்கும் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. சரியாகிவிட்டது என்று பலகையில் அறிவித்த மறுநாள், தவராசா எழுதியிருந்தார். தமிழிலேயே எழுதியிருந்தார்.

‘வணக்கம். நீங்கள் எழுதியவற்றை எல்லாம் வாசித்தேன். எனக்கு இந்த வேலைக்குரிய அறிவு போதாது என்று எண்ணி அன்றைக்கே விட்டுவிட்டேன். அதன் பிறகு கணினியில் எதையும் நான் முயன்று பார்க்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அன்று அந்த மென்பொருளில் நான் செய்தது சரிதானா?’

பாண்டீஸ்வரி கடையில் இருந்தாள். எதிரில் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவர்கள் மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவள் பதில் அடித்தாள்.

‘ஐயா, எல்லாம் சரியாகத்தான் செய்தீர்கள். முதலில் கண்டுபிடித்தவரே நீங்கள்தான். நான் பொய் சொன்னதால் உங்களை யாரும் நம்பவில்லை. அந்தக் கதைப் புத்தகம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அனுப்புங்கள், நான் கட்டித் தருகிறேன்.’